வேலி தாண்டி எறிந்த கொடி

கணவர் இறந்த பிறகு இரண்டு மழைக்காலம் நான் எங்கள் தோட்டம் இருக்கிற ரங்கத் பக்கமே போகவில்லை. போர்ட் பிளேரில் ஆஸ்பத்திரி வேலை, குட்வில் எஸ்டேட்டில் வாடகை வீடு. பாக்குத் தோட்டத்தைத் தான் பார்த்துக்கொள்வதாக அவருடைய அண்ணன், நான் அத்தான் என்று கூப்பிடுகிறவர், சொல்லியிருந்தார். அவர் தோட்டமும் பக்கத்திலேயேதான். நடுவில் ஒரு முள்கம்பி வேலி.

மாற்றல் வாங்கிக்கொண்டு ரங்கத்துக்கே வந்து பார்த்தால் தோட்டத்தைக் காணோம். மிகானியா என்கிற களைக்கொடி பாக்கு மரங்களின் மேல் பச்சைப் போர்வை மாதிரி ஏறிக் கிடந்தது. கணவர் கடைசியாக நட்ட கன்றுகள் அதற்கு அடியில் வெளுத்துச் செத்திருந்தன. அதில் ஒன்றைப் பிடுங்கினேன். ஈர்க்குச்சி மாதிரி கையோடு வந்தது.

அத்தான் வேலி ஓரம் வந்து நின்றார்.

"எல்லாம் ஜங்கல் ஆயிடுச்சும்மா. ஒத்தைப் பொம்பளை, உன்னால என்ன செய்ய முடியும்? என் பேருக்கு எழுதிக் குடுத்துடு."

நான் அருவாளை எடுத்தேன். ஒரு வாரம் வெட்டினேன். அடுத்த மழையில் வெட்டின துண்டெல்லாம் வேர்விட்டு முன்னைவிட அடர்த்தியாக எழுந்தது. அதன் கணு ஒன்று ஈர மண்ணில் பட்டால் போதும். அதற்கப்புறம் நான் வெட்டவில்லை. குத்த வைத்து உட்கார்ந்து வேரோடு பிடுங்கி, பாறை மேல் பரப்பிக் காயவிட்டேன். டியூட்டி முடிந்து வந்ததும் முதல் வேலையாக அது வாடியிருக்கிறதா என்று போய்ப் பார்ப்பேன். காலில் மிதித்தால் நொறுங்க வேண்டும். அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

எல்லா இடத்திலும் அடங்கிய கொடி வேலி ஓரத்தில் மட்டும் அடங்கவில்லை. காரணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது. பூசை முடிந்து நேராகத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். அத்தான் தன் பக்கத்தில் பிடுங்கின கொடியைக் கூடை கூடையாக என் பக்கம் கொட்டிக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளா இப்படிக் கொட்டுறீங்க?"

"ஆளில்லாத இடம்தானேம்மா" என்றார். கூடையைக் கீழே வைக்கக்கூட இல்லை.

ஆக, அந்தக் கன்றுகள் தானாகச் சாகவில்லை.

மறுநாள் அவர் மனைவியோடு போர்ட் பிளேர் போனார். மழை தூறிக்கொண்டிருந்தது. காயாத கொடியை இரண்டு சாக்கில் அடைத்து, வேலிக்கம்பியைத் தூக்கி உள்ளே நுழைந்தேன். அவருடைய மிளகுக் கொடிகளின் அடியில் துண்டு துண்டாகப் போட்டு, ஒவ்வொன்றையும் காலால் அழுத்தினேன்.

ஒரு மாதத்தில் களை மிளகு மேல் ஏறிவிட்டது. அத்தானின் மனைவிதான் என்னிடம் வந்தாள். அவளை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பிடுங்கிப் பிடுங்கி அவள் விரலெல்லாம் வெடித்திருந்தது.

"எங்க பக்கம் பிடுங்கப் பிடுங்க வருது. உன் தோட்டத்துல அடங்கிடுச்சே, எப்படி அடக்குன? எனக்கும் சொல்லிக் குடு."

"வர்றேங்க்கா. ஆனா அத்தான் முதல்ல என் வேலி ஓரத்தைச் சுத்தம் பண்ணித் தரணும். ஆள் வைக்கக் கூடாது. அவரே குனிஞ்சு பிடுங்கணும்."

அவள் என்ன சொன்னாளோ, அத்தான் வந்தார். கொடி பூத்து விதை பறப்பதற்குள் முடித்தாக வேண்டும் என்பதால் தினமும் வந்தார். அறுபது தாண்டிய மனிதர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு பிடுங்கினார். நான் தேங்காய்க் குவியல் மேல் உட்கார்ந்து டீ குடித்தபடி, விட்டுப்போன வேரை விரல் நீட்டிக் காட்டினேன்.

"அங்க ஒண்ணு இருக்கு, அத்தான்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் செய்தது அவருக்குத் தெரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். பிறகு குனிந்து அதையும் பிடுங்கினார். அந்த நாட்களில் எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

அப்புறம் அக்காவோடு சேர்ந்து அவர்கள் தோட்டத்தையும் சுத்தம் செய்தேன். மிளகில் பாதி போய்விட்டிருந்தது. காய்ந்த தண்டு ஒன்றைத் தடவிக்கொண்டே, "இதெல்லாம் நான் வச்சது. அவருக்கு மிளகுல இஷ்டமே கிடையாது" என்றாள் அக்கா.

நான் அடுத்த வேரைப் பிடுங்கினேன். இந்த வருஷம் என் செலவில் புது மிளகுக் கன்று வாங்கிக் கொடுத்தேன். "உனக்கு எவ்வளவு நல்ல மனசு" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் செய்ததற்கு நான் செய்தது சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். கொடியைப் போட்டது நான்தான் என்று அவளிடம் மட்டும் சொல்ல வாய் வரவில்லை.