பூராடத்து ஆட்டக்காரன்

எண்பதுகளின் கடைசியில் அப்டன் பார்க்கில் எங்களுக்கு ஒரு சின்னப் பலசரக்குக் கடை இருந்தது. உதைபந்தாட்ட மைதானம் நடக்கிற தூரம்தான். சனிக்கிழமை மத்தியானம் சனம் கடை வாசலை அடைத்துக்கொண்டு போகும். ஆட்டம் முடிந்து திரும்பும்போது, வென்றார்களா தோற்றார்களா என்பது அவர்கள் சிகரெட் கேட்கிற தொனியிலேயே தெரிந்துவிடும். ஒருநாள் வாடிக்கைக்காரர் ஒருவர் தனக்குக் காய்ச்சல் என்று தன் டிக்கெட்டை எங்களிடம் தந்துவிட்டுப் போனார். என் கணவருக்குக் கிரிக்கெட்டைத் தவிர மற்றதெல்லாம் விளையாட்டே இல்லை.

"நீர் போய்ப் பாரும், நான் கடையைப் பாக்கிறன்" என்றார். சேலைக்கு மேலே அவருடைய குளிர் கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன்.

அன்றைக்குத்தான் அவனைக் கண்டேன். முன்வரிசை ஆட்டக்காரன், நெட்டையன், கோல் அடிப்பதற்கென்றே வாங்கப்பட்டவன். கோல் காவலன் விழுந்து கிடக்க, வெறும் வலைக்கு முன்னால் நின்று பந்தை வானத்துக்கு அடித்தான். என்னைச் சுற்றியிருந்த அத்தனை பேரும் எழுந்து நின்று திட்டினார்கள். எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு குணம். பத்துப்பேர் சேர்ந்து ஒருவனை ஏசினால், அவன் பக்கம் நியாயம் இருக்கிறதா என்று பாராமல் அங்கே போய் நின்றுவிடுவேன். அவன் தலையைக் குனியவுமில்லை, கையை விரிக்கவுமில்லை. காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டு திரும்பவும் ஓடத் தொடங்கினான். எனக்கு அது போதுமாயிருந்தது.

அதன் பிறகு, இங்கே ஆட்டம் இருந்த சனிக்கிழமைகளில் நான் கடையில் இல்லை. அவனும் கோல் அடிக்கவில்லை. பந்து கம்பத்தில் படும், காவலன் கையில் படும், ஒருமுறை தன் சொந்த அணிக்காரன் முதுகிலும் பட்டது. வீட்டில் கணவர் எனக்காகக் காத்திருப்பார்.

"அடிமேல் அடி அடிச்சா அம்மியும் நகருமாம். உம்மடை ஆளுக்கு அதுவும் சரிவராது போலை."

"அவன் ஓடுற ஓட்டத்தை நீங்கள் பாக்கேல்லை."

"ஓடுறதெண்டா பஸ்ஸும்தான் ஓடுது."

மாசியில் பேப்பரில் போட்டுவிட்டார்கள். சீசன் முடிவதற்குள் கோல் அடிக்காவிட்டால் அவனை விற்றுவிடுவார்களாம். எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் அவன் பெயருக்கு ஓர் அர்ச்சனைச் சீட்டு எடுத்தேன். ஐயர் பெயரை இரண்டு தரம் கேட்டார். பிறகு, "நட்சத்திரம்?" என்றார்.

அதை நான் யோசிக்கவில்லை. அவன் பிறந்த நட்சத்திரம் அவனைப் பெற்ற தாய்க்கே தெரிந்திராது. எனக்குப் பின்னால் வரிசை நீண்டு நின்றது. வாயில் வந்தது என்னுடைய நட்சத்திரம். "பூராடம்" என்றேன். ஐயர் அவன் பெயரைச் சமஸ்கிருதத்துக்குள் இழுத்து உருட்டி, அவனைப் பூராடத்தில் பிறந்தவனாக்கி, பூவைப் போட்டார்.

அடுத்தநாளே அவனுக்குக் கணுக்கால் பிரண்டது. நொண்டிக்கொண்டு வெளியே போனான். நான் வந்து சொன்னபோது கணவர் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்சாரும், பூராடத்துக்கு இப்ப ஏழரைச் சனியெல்லோ நடக்குது? உம்மடை சனியைக் கொண்டுபோய் அந்தப் பெடியன்ரை தலையிலை இறக்கிப்போட்டீர்."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சனி என்னை விட்டுவைக்கவில்லை என்பது எனக்கே தெரியும். பித்தப்பையில் கல் என்று டாக்டர் சொல்லி, ஒப்பரேசன் திகதிக்காகக் காத்திருந்தேன். ஆனாலும் நட்சத்திரத்தை மாற்ற மனம் வரவில்லை. இவ்வளவு தூரம் சேர்ந்தாயிற்று, இனி இரண்டு பேருமாகவே கழித்துவிடுவோம் என்று வெள்ளிக்கிழமைதோறும் அதே பெயர், அதே பூராடம்.

கடைசி ஆட்டத்துக்குக் கால் சுகமாகி வந்தான். முடிவதற்குச் சற்று முன்னர்தான் உள்ளே விட்டார்கள். வந்ததும் எழும்பித் தலையால் ஒன்று அடித்தான். அது மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பி வந்தது. அவ்வளவுதான். ஆட்டம் முடிந்து சனம் கலைய, எங்கள் பக்கம் வந்து நின்று கைதட்டிவிட்டுப் போனான். நான் கோட்டுக்குள் முகத்தை வைத்து அழுதேன். கோடை தொடங்க முன்னரே அவனை வடக்கே ஏதோ ஓர் ஊருக்கு விற்றுவிட்டார்கள்.

எனக்கு ஒப்பரேசன் திகதி வந்தது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை கணவரே என்னைக் கோயிலுக்குக் கூட்டிப்போனார். காரில் அதிகம் பேசவில்லை. அவர் பேசாமலிருந்தால் பயந்திருக்கிறார் என்று அர்த்தம்.

"இண்டைக்காவது உம்மடை பேருக்குச் செய்யும்" என்று சொல்லி, சீட்டையும் அவரே எடுத்தார்.

ஐயர் என்னைக் கண்டதும் தட்டை வாங்கினார். ஒன்றும் கேட்கவில்லை. நேரே தொடங்கிவிட்டார். அவன் பெயர், பூராட நட்சத்திரம்.

நான் கணவரைப் பார்த்தேன். பிழை கண்ட இடத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிற மனிதர் அல்ல அவர். கையைக் கூப்பியபடி நின்றார். ஐயர் தட்டைத் திருப்பித் தரும்போது, "வேறை ஆருக்கும் செய்யவேணுமோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா," என்றார் கணவர். "அவனுக்குச் செய்தா இவவுக்கும் சேரும்."