மாடி அக்காவின் புழுக்கள் ஏன் ஓடின

முதல் புழுவை நான் பார்த்தது ஒரு வாடிக்கையாளரின் வெள்ளைச் சட்டைக் காலரில். வெளிச்சம் நன்றாக இருக்கும் என்று என் தையல் மெஷினைப் பால்கனியில்தான் போட்டிருக்கிறேன். மாடி வீட்டுப் பால்கனியின் தண்ணீர் போகும் ஓட்டை சரியாக என் தலைக்கு நேரே. அண்ணாந்து பார்த்தால் அதன் விளிம்பில் இன்னும் நாலைந்து, சிவப்பு நூல் போலத் தொங்கி நெளிந்துகொண்டிருந்தன. எனக்குக் கோபம் வந்தால் மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாண்டுவேன். போய்க் கதவை இடித்தேன்.

மாடி அக்காவை எனக்கு எட்டு வருடமாகத் தெரியும். தெரியும் என்றால், படியில் எதிர்ப்பட்டால் சிரிப்போம், அவ்வளவுதான். ஒரு மருத்துவமனையின் சலவை அறையில் வேலை. இருபத்தேழு வருடமாகப் படுக்கை விரிப்புகளை மடிக்கிறார். பேசிக்கொண்டிருக்கும்போதே மடியில் கிடக்கும் துண்டைக் கை தானாக நாலாய் மடித்துவிடும். பத்தொன்பது வயதில் அப்பாவும் அம்மாவும் ஒரே வருடத்தில் போய்விட்டார்கள். மூன்று தம்பிகள் இவர் தலையில். கல்யாணப் பேச்சு எடுத்தவர்களிடமெல்லாம் "கடைக்குட்டி படிச்சு முடிக்கட்டும்" என்றாராம். அவன் படித்து முடித்தபோது கேட்க ஆளில்லை. பெரியவன் வெளிநாடு போனான். நடுவில் உள்ளவன் மனைவியோடு வேறு ஊருக்கு மாற்றலானான். கடைக்குட்டியும் இரண்டு வருடம் முன்பு பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போனதை நானே பார்த்தேன். அன்றிலிருந்து மாடியில் ஒரு ஜோடிச் செருப்புதான்.

"என்னக்கா இது? என் தலைமேல புழு மழை பெய்யுது!"

அக்கா பதறிப்போனார். உரக்கடைக்காரர் ஒருவரிடம் வாங்கியதாம். காய்கறித் தோலைத் தின்று எருவாக்கும் புழுக்கள். பால்கனி மூலையில் ஒரு பிளாஸ்டிக் பெட்டி. மூடியைத் தூக்கியதும் புளித்த வாடை முகத்தில் அறைந்தது. மூடியின் அடியில் புழுக்கள் கொத்துக்கொத்தாக ஒட்டியிருந்தன. காற்றுத் துளைகள் வழியாக வெளியே வந்து, ஈரம் தேடி ஓட்டைக்குப் போய்க்கொண்டிருந்தன. உள்ளே எட்டிப் பார்த்தேன். தோலெல்லாம் எங்கே! சோறு, உப்பும் எண்ணெயும் போட்டு வதக்கிய காய், பருப்பு. ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிடலாம்.

"நல்லாத்தான் போடறேன்மா. ஏன் ஓடுதுங்கன்னு தெரியல" என்றார். குரலில் அழுகை. "திட்டறதுன்னா என்னைத் திட்டு."

எனக்கு வாய் நீளம். "இன்னொரு தடவ ஒரு புழு கீழ வந்தாலும் வீட்டு ஓனர்கிட்ட சொல்லிடுவேன். பெட்டியைத் தூக்கிடச் சொல்வாரு" என்று சொல்லிவிட்டு இறங்கினேன். இறங்கும்போது பின்னால் அக்காவின் பேச்சுக் குரல் கேட்டது. வீட்டில்தான் யாரும் இல்லையே என்று நின்றேன். பெட்டியிடம்தான் பேசிக்கொண்டிருந்தார். "ஏன் போறீங்க? என்ன குறை வச்சேன்?"

அதைக் கேட்டபின் எனக்கு அன்று ஒரு பட்டன்கூட ஒழுங்காக நிற்கவில்லை.

மறுநாள் காலை நானே மேலே போனேன், வெளியே வந்த புழுக்களைப் பொறுக்கிப் போட அட்டைப்பெட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு. உரக்கடைக்காரருக்குப் போன் போடச் சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டார்.

"புழுவெல்லாம் ஓடுதுங்களா? ஏம்மா, வீட்ல எத்தனை பேரு?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. "நாலு பேரு" என்றார்.

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத நான், அன்று சும்மா இருந்தேன்.

"நாலு பேரு தோலுக்கு இந்தப் பெட்டி தாங்கணுமே. சமைச்சதைப் போடறீங்களோ?"

"மிஞ்சினது கொஞ்சம்..."

"நாலு பேரு இருக்கற வீட்ல அப்படி என்னம்மா மிஞ்சுது? யாருமே சாப்பிடறதில்லையா?"

அவர் விளையாட்டாகத்தான் கேட்டார். அக்கா போனை அணைத்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே சொன்னார். கடைக்குட்டி போன பிறகும் கை மாறவில்லை. அதே பெரிய பானை, அதே நாலு ஆழாக்கு. யாராவது ஒருத்தன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றால், அக்கா வீட்டில் சோறில்லை என்று ஆகிவிடக் கூடாதே! கடைக்குட்டி வேறு போனில் எப்போதும் "அடுத்த மாசம் வந்தாலும் வருவேன்" என்பான். ஒரு மாதம் போய் அடுத்த மாதம் வரும், அவன் வரமாட்டான். மிஞ்சியதைக் குப்பை வாளியில் கொட்டினார். ஒருநாள் குப்பை எடுக்க வரும் பெண் வாளியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இவ்ளோ சோத்தக் கொட்டறீங்களே, வீட்ல எத்தனை பேரும்மா?" என்று கேட்டாள். நாலு பேர் என்று வாயில் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் கண்ணில் மிச்சத்தைக் காட்டக் கூசித்தான் இந்தப் புழுப்பெட்டி.

"தினமும் வேலை முடிஞ்சு வந்தா மூடியைத் தூக்கிப் பாப்பேன். வெளிச்சம் பட்டதும் உள்ள போய்டும். ஆனா வீட்ல ஏதோ அசையுதேன்னு இருக்கும். இதுங்களையும் தூக்கிட்டா..." என்றார். மடியில் துண்டு நாலாய், எட்டாய் மடிந்துகொண்டிருந்தது.

எனக்கு ஆறுதல் சொல்ல வராது. "அந்த ஆளுக்கு மறுபடி போன் போடுங்க. உண்மையச் சொன்னாத்தானே வைத்தியம் பார்க்க முடியும்" என்றேன்.

போனைக் கையில் வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த நேரத்தில் நான் ஒரு சட்டைக்குக் கை தைத்து முடித்திருப்பேன். கடைசியில் போட்டார்.

"முன்னாடி பேசினேனே... வீட்ல நாலு பேர் இல்லைங்க. ஒரு ஆள்தான். நான் மட்டும்தான்."

அந்த மனிதர், நல்ல மனிதர், ஒன்றும் நடக்காதது போலவே சொன்னார். "அப்ப கவலையே இல்லம்மா. ஒரு ஆளோட தோல் தாராளமா போதும். அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சும்மா, புழுவுக்கும் அதேதான். சமைச்சது புளிச்சுப்போய் சூடாகும், உப்பு எரியும், அதான் உசுரக் கையில புடிச்சுட்டு ஓடுதுங்க. புளிச்சதெல்லாம் வாரிப் போட்டுட்டு, காஞ்ச அட்டையைக் கிழிச்சுப் போடுங்க. ரெண்டு நாள் மூடாம, மேல ஒரு லைட்டைப் போட்டு வைங்க. வெளிச்சத்துக்குப் பயந்து மேல வராதுங்க. ஒரு வாரத்துக்குச் சாப்பாடே வேணாம்."

நாங்கள் இரண்டு பேரும் மூக்கைக் கட்டிக்கொண்டு வேலையில் இறங்கினோம். புளித்ததை வாரி, வாளி நிறைய வாசலில் வைத்தோம். குப்பை எடுக்கும் பெண் பார்த்தால் பார்க்கட்டும் என்றார் அக்கா. அட்டையை நான் கத்தரித்தேன், அவர் கிழித்தார். வெளியே போன புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளே விட்டார். பெட்டிக்கு மேல் பல்பு தொங்கியது.

மூன்றாம் நாள் காலை என் பால்கனி சுத்தமாக இருந்தது. நாலாம் நாளும். ஐந்தாம் நாள் அக்காவே கீழே வந்தார். முதல் தடவையாக என் வீட்டு வாசலில். கையில் புதிதாக ஒரு சின்னப் பாத்திரம். ஸ்டிக்கர்கூட இன்னும் உரிக்கவில்லை.

"சிரிக்கக் கூடாது. ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடணும்?"

முப்பது வருடத்துக்குப் பக்கமாக அடுப்படியில் நின்றவர். மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். அவருக்கு அது தெரியாது. உள்ளே போய் டம்ளரை எடுத்துவந்து, அரைக்கு மேல் விரலை வைத்துக் காட்டினேன்.

"இவ்ளோதானா?" என்றார்.

"இவ்ளோதான்க்கா."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, அட்டை கிழிக்க நான் மேலே போயிருந்தபோது கடைக்குட்டி கூப்பிட்டான். கையெல்லாம் அட்டைத் தூசியாக இருந்ததால் அக்கா ஸ்பீக்கரில் போட்டார். சாப்பிட்டியா, தூங்கினியா எல்லாம் ஆயிற்று.

"அடுத்த மாசம் வந்தாலும் வருவேன்க்கா."

"வர்றதா இருந்தா முந்தின நாளே சொல்லிட்டு வாடா."

"எதுக்கு? நீதான் எப்பவும் எனக்கும் சேத்துச் செஞ்சு வச்சிருப்பியே."

"இப்ப செய்யறதில்லடா."

"ஏன்க்கா?"

அக்கா கிழித்துக்கொண்டிருந்த அட்டையைக் கீழே வைத்தார். "புழு ஓடிப்போகுதுடா" என்றார்.

அவன் சிரித்தான். என்ன புழு என்று கேட்கவில்லை. யாரோ கூப்பிடுகிறார்கள், அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டான். அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்ப் பெட்டி மூடியைத் தூக்கினார். அட்டையை விரலால் விலக்கி வெகுநேரம் உள்ளே பார்த்தார்.

"எல்லாம் இருக்கு" என்றார்.