செல்லத்தின் டப்பி

மருந்துக்கடையில் இன்று களிம்பை வட்டத் தகர டப்பியில் போட்டுக் கொடுத்தார்கள். உள்ளங்கையில் அந்தக் குளிர்ச்சி பட்டதுமே, ஆரியசாலையில் நான் படித்த பெண்பள்ளிக்கூடத்தின் பின்னால் இருந்த, இப்போது அரிசி மண்டியாகிவிட்ட, வைத்திய அறைக்குப் போய்விட்டேன். ஃபினாயில் வாடை, எடை பார்க்கும் மெஷினின் கிறீச்சொலி, இமையைக் கீழே இழுத்துப் பார்க்கும் நர்ஸம்மாவின் சோப்பு மணக்கும் விரல்கள், புழு இருப்பவர்கள் வெறும் வயிற்றில் எண்ணெய் மருந்தைக் குடித்துவிட்டுக் குமட்டலோடு வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெஞ்சு.

குடலில் ஒட்டிக்கொண்டு ரத்தத்தை உறிஞ்சும் கொக்கிப்புழு இருக்கிறதா என்று பார்க்க, பெயர் எழுதிய தகர டப்பி ஒன்று ஒவ்வொருத்திக்கும் கொடுப்பார்கள். காலையில் வெளிக்குப் போனதில் கொஞ்சம் அதில் எடுத்துவர வேண்டும். என் பக்கத்தில் உட்காரும் செல்லம், வகுப்பில் பாதி நேரம் சோர்ந்து தூங்குகிறவள், வெட்கத்தில் செத்தே போனாள்.

"ஏட்டி, எனக்கும் சேத்து நீயே கொண்டாந்துரு," என்றாள்.

இரண்டு டப்பியையும் நானே நிரப்பிக் கொண்டுபோனேன்.

அடுத்த வாரம் நர்ஸம்மா செல்லத்தின் வெளுத்த இமையைப் பார்த்தார், கையிலிருந்த பரிசோதனைச் சீட்டைப் பார்த்தார், மறுபடியும் இமையைப் பார்த்தார்.

"இதில் ஒண்ணும் காணலியே, மோளே. சரி, போ."

பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மருந்திலிருந்து தப்பித்த சந்தோஷத்தில் செல்லம் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினாள். கிணற்றடி வரைக்கும்தான் அவளால் ஓட முடிந்தது.