தண்ணீர் வரக் கூடாத போர்வெல்

காரிமங்கலத்தில் என் பல் கிளினிக்குக்கு எதிர்க்காட்டில் போர்வெல் லாரி இரைந்துகொண்டிருந்தபோதுதான் அந்த யோசனை வந்தது. நாற்காலியில் ஒரு மாந்தோப்புக்காரர், கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தார். வீங்கிய பக்கம் மெல்ல உதவும் கடைவாய்ப்பல், சீழ் பிடித்த அது ஒன்றுதான் மிச்சம்.

"புடுங்கிப் போட்டுருங்க பாப்பா, சந்தைக்குப் போவணும்."

புதிதாகப் படித்து வந்த எனக்கோ அந்தப் பல்லைக் காப்பாற்றியே ஆகவேண்டும். ஜன்னலைக் காட்டினேன். "அதே மாதிரிதாங்கய்யா ரூட் கெனாலு. மேல சின்னதா ஓட்டை போட்டு, வேர் வரைக்கும் போயி, உள்ள இருக்கிற சீழைக் கழுவி..."

அவர் எழுந்தேவிட்டார். "காட்டுல போட்ட போரெல்லாம் தண்ணியில்லாம பொகைதான் வந்துச்சு. இனி வாயிலயும் போட்டுப் பாக்கணுமா?"

"உக்காருங்க. பொகை வந்தா மூக்கு வழியா வுடுங்க" என்றார் உடன் வந்த மனைவி.

அவர் பேச்சையே சட்டென்று பிடித்துக்கொண்டேன். "அய்யா, இங்க தண்ணி வரவே கூடாதுங்க. காஞ்சு கெடந்தாத்தான் நமக்கு ஜெயிப்பு!"

மெல்ல உட்கார்ந்தார். மரத்துப்போக ஊசி போட்டு, வேரின் உட்குழாய்களைச் சுரண்டிக் கழுவினேன். அன்று சீழ் நிற்கவில்லை. மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்து, அடுத்த சந்தை நாளில் வரச் சொன்னேன்.

வந்தார். வீக்கம் வடிந்திருந்தது. திரி போன்ற காகிதக் குச்சியை வேருக்குள் விட்டு எடுத்தேன். எட்டிப் பார்த்தார். துளி ஈரமில்லை.

"ஏய், இங்க பாருடி! சுத்தமா காஞ்சு போச்சு!"

"நீங்க தொட்டா எதுதான் காயாது?"

காய்ந்த போருக்கு இப்படிப் பூரித்த விவசாயியை நான் பார்த்ததில்லை. அந்தப் பூரிப்போடு பூரிப்பாக வேரை நிரப்பி அடைத்தேன்.

"மேல மூடி மாதிரி கேப்பு போடணுங்க. உள்ள கொடைஞ்ச பல்லு, அழுத்திக் கடிச்சா பொளந்துரும். அப்பறம் புடுங்கத்தான் வேணும்."

"வலிதான் போச்சே. வத்துன போருக்கு எதுக்குங்க மூடி?" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். நான் சொல்லிக்கொடுத்த உவமை!

"அடுத்த சந்தைக்கு இழுத்துக்கிட்டு வர்றேங்க" என்று வாசலில் திரும்பிச் சொன்னார் மனைவி.

இனிப் போர்வெல் பேச்சே கிடையாது. மேசையில் இரண்டு நிலக்கடலைகள் வைக்கப்போகிறேன்: ஒன்று முழுசு, இன்னொன்று பருப்பை எடுத்துவிட்டு வெறும் ஓடாக ஒட்டியது. இரண்டையும் அவர் விரலாலேயே நசுக்கி, உள்ளே குடைந்ததுதான் முதலில் பிளக்கும் என்று பார்க்கட்டும். முழுசை மட்டும் உடனே ஒளித்துவிட வேண்டும். அந்தப் பல்லாலேயே கடித்துக் காட்டினாலும் காட்டுவார்.