காதில் மாட்டிய தூண்டில் பூச்சி

அறுபதுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாராவியில் எங்கள் அறை. நாலு வயது மகள் என் முன்னால் வந்து நின்று, "எம்மா, என் ஜிமிக்கியப் பாரு" என்றாள். காது குத்திய துளையில் செருகியிருந்த வேப்பங்குச்சியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, நான் கட்டி வைத்திருந்த தூண்டில் பூச்சியை மாட்டியிருக்கிறாள், பாவி மகள்!

என் வீட்டுக்காரர் விக்ரோலிக்கு அப்பால், மலையடி ஏரியில் படகு விடுகிறவர். காஷ்மீர் மலை ஏரிகளில் ட்ரவுட் மீன் பிடிக்கப் போகும் சாகேபுகள் முதலில் இங்கே வந்து தூண்டில் வீசிப் பழகுவார்கள். மீன் எங்கே நிற்கும், எப்படி வீச வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இவர் துடுப்புப் போடுவார். அவர்களுக்கான பூச்சிகளை நான் வீட்டில் கட்டுவேன். சின்னத் தூண்டில் முள்ளில் கோழி இறகும் பட்டு நூலும் சுற்றினால் ஈ மாதிரியே இருக்கும், மீன் ஏமாந்து கவ்வும். என் முள்ளின் கூர் வேறு யாருக்கும் வராது என்று எனக்கு ஒரே பெருமை. ஒவ்வொன்றையும் கல்லில் தீட்டித்தான் கட்டுவேன்.

இழுத்தேன், வரவில்லை. மகள் வீறிட்டாள். கவ்விய மீன் நழுவாமல் இருக்க நுனிக்குப் பின்னால் இருக்கிற எதிர்முள் சதைக்குள் இறங்கிவிட்டிருந்தது. தெருமுனை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன், டாக்டர் இல்லை. கம்பவுண்டர் பார்த்துவிட்டு, "கான் காட்னா படேகா" என்றான். காதை அறுப்பானாம்! பெண்பிள்ளைக்குக் காது அறுந்துபோனால் நாளைக்குக் கம்மலை எதில் போடுவது? "ஒன் வாயில கொள்ளி வைக்க" என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இவரிருக்கும் ஏரிக்கு ரயிலேறிவிட்டேன்.

கரையில் நின்று நான் கத்திய கத்தலில், படகிலிருந்த சாகேபே தூண்டிலைக் கீழே போட்டுவிட்டார். இவர் படகைக் கரைக்கு விட்டார். பதறவே இல்லை, எனக்கு அதுவே திகைப்பாக இருந்தது. மகளை மடியில் வைத்து, முள்ளைப் பின்னால் இழுக்காமல் முன்னால் தள்ளினார். எதிர்முள்ளோடு நுனி காதின் மறுபக்கம் வந்தது. குறட்டால் அதை நறுக்கினார். மிச்சம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம். காது முழுசாக இருந்தது.

"இம்புட்டு லேசா எடுக்கியளே, எங்க படிச்சிய?"

"ஞாயித்துக்கெழமைக்கு ரெண்டு முள்ளாவது எடுக்கேன்ளா. சாகேப் தூண்டில பின்னால ஓங்குதப்ப, படகு விடுதவன் மேலதான மாட்டும்?"

சட்டைக் காலரை விலக்கிக் காட்டினார். கழுத்தில், தோளில், காதுக்குப் பின்னால் எத்தனை தழும்பு, ஐயோ! கேட்டபோதெல்லாம் கரையில் முள்ளுச்செடி கீறிவிட்டது என்றுதானே சொன்னார் இந்த மனுஷன்? அத்தனையும் நான் தீட்டிய முள்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ கட்டமாட்டேல்லா."

சாகேப் பார்க்கிறாரே என்றுகூடத் தோன்றாமல், அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

மறுநாள் மீதியிருந்த பூச்சிகளை எடுத்து, ஒவ்வொன்றின் எதிர்முள்ளையும் குறட்டால் நசுக்கினேன்.

"கிறுக்கி, மீனு வழுக்கிட்டுப் போயிரும்" என்றார்.

"போவட்டும்" என்றேன்.