இருமல் கேட்கும் தூரம்

மேகமலையில் மேகம் இறங்குவதற்கு நேரம் காலம் கிடையாது. அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் திரும்பினால் கொடியில் காயப்போட்ட துணியைக் காணோம். அப்புறம் கொடியையும் காணோம். தண்ணீர்த் தொட்டி, வாசல் கேட், எதிரே தேயிலைச் சரிவு என்று ஒவ்வொன்றாகக் கரைந்துபோய், வீடு மட்டும் எதன்மேலும் நிற்காமல் மிதக்கிறது. கம்பத்து வெயிலில் வளர்ந்த எனக்கு வந்த புதிதில் இது பெரிய தொல்லையாக இருந்தது. இப்போது அந்த நேரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் அரைத் தூக்கம் போல இருக்கும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது, காதுக்கு எல்லாம் வரும். எங்கோ கொழுந்து பறிக்கிற பெண்களின் சிரிப்பு, வளைவில் கியர் மாற்றும் ஜீப், அப்புறம் என் வீட்டுக்காரரின் இருமல்.

அவருக்கு நோய் ஒன்றும் இல்லை. அந்த இருமல் அவர் தொழிலோடு வந்தது. கல்யாணமான புதிதில் அவர் கம்பத்திலிருந்து கேரள ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிப்போகும் ஜீப் ஓட்டினார். ஜீப் போகாத தடத்தில் இறங்கி நடக்க வேண்டும். பெண்கள் முன்னால் போவார்கள், துணைக்கு இவர் பின்னால் வருவார். பக்கத்தில் போகமாட்டார், பேச்சுக் கொடுக்கமாட்டார். அவ்வப்போது ஓர் இருமல் போடுவார். காட்டுமாடு ஏதாவது நின்றால் சத்தம் கேட்டு விலகும். பெண்களுக்கும் ஆள் இருக்கிறது என்று தெரியும். மேகம் கட்டி, இருமல் சத்தம் கேட்காமல் போனால் பெண்கள் நின்றுவிடுவார்களாம். "அண்ணே, இருக்கீகளா?" என்று குரல் கொடுப்பார்களாம். இவர் இருமுவார். அவர்கள் நடப்பார்கள். வருஷக்கணக்கில் அந்தப் பெண்களோடு இவருக்கு இருந்த பேச்சுவார்த்தை அவ்வளவுதான்.

"பொம்பளைக பக்கத்துல ஒட்டிக்கிட்டு நடந்தா அது துணையா? அது தொந்தரவு" என்பார்.

தினமும் ஜீப் ஓட்டி முதுகு போனபின் நாங்கள் மேலே வந்தோம். ஒரு பழைய தோட்டத்து வீட்டைக் குத்தகைக்கு எடுத்து, இரண்டு அறைகளைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட ஆரம்பித்தோம். சமையல் என்னுடையது. சின்னமனூரிலிருந்து ஆட்களை ஏற்றி வருவதும், இறங்கும்போது கொழுந்து பறிக்கிற பெண்களைக் கொண்டுபோய் விடுவதும் அவருடையது. போனை எடுப்பதும் நான்தான். எடுத்தால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அங்க சேஃப்பா?"

எனக்குச் சுர்ரென்று வரும். எது சேஃப்பா? யானையா, ரோடா, ஆளா? யானை தன் வழியில் போகும். ரோடு உடம்பை உலுக்கும், ஆனால் கொண்டுவந்து சேர்த்துவிடும். ஆட்கள் விஷயத்தில்தான் எங்கள் மலையின் பெயர் கொஞ்சம் கெட்டிருந்தது. அதுவும் மேலே இருக்கிறவர்களால் அல்ல. சனிக்கிழமையானால் பாட்டுப் பெட்டியும் பாட்டிலுமாக ஏறிவரும் கூட்டத்தால். ஆடிவிட்டு, பாட்டிலைத் தேயிலைக்குள் வீசிவிட்டுப் போய்விடுவார்கள். திங்கட்கிழமை கொழுந்து பறிக்கிற பெண்ணின் கால்தான் அதைக் கண்டுபிடிக்கும். அந்தக் கூட்டத்துக்கு இனிமேல் அறை கிடையாது, குடும்பமும் பெண்களும் மட்டும் வந்தால் போதும் என்று முடிவெடுத்தேன். பெண்கள் பயமில்லாமல் வந்துபோகிற வீடு என்று பேர் வாங்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அந்த ஆசையில் அவரும் சேர்ந்துகொண்டார். பெண்கள் தங்க வந்தால் வீட்டின் முன்பக்கமே வரமாட்டார். பின்கட்டில் விறகு அடுப்போரம் உட்கார்ந்திருப்பார். அது அவருடைய மரியாதை.

அப்படித்தான் சென்னையிலிருந்து இரண்டு பெண்கள் வந்தார்கள். வாடகைக் காரில் வந்ததால் அவரை அவர்கள் பார்க்கவே இல்லை. நல்ல கலகலப்பான பிள்ளைகள். சாப்பிட்டு முடித்து, அணைக்கட்டு ரோட்டில் நடந்துவிட்டு வருகிறோம் ஆன்ட்டி என்று கிளம்பினார்கள். நான் வானத்தைப் பார்த்தேன். மேகம் இறங்கப் பார்த்தது. பின்கட்டுக்குப் போய், "ரெண்டு பிள்ளைகளும் தனியாப் போகுதுக, துணைக்குப் போங்க" என்றேன். அவர் சால்வையைப் போர்த்தி, குரங்குக் குல்லாவை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அந்தப் பெண்களிடம் சொன்னேனா என்று பிற்பாடு எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். சொல்ல வேண்டும் என்றே எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. துணைக்கு ஆள் வருவதை யாராவது தண்டோராப் போட்டுச் சொல்வார்களா? வந்த விருந்தாளியிடம் பானையில் தண்ணீர் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டா இருக்கிறோம்?

அன்று நடந்ததைப் பிற்பாடுதான் அவர் வாயால் கேட்டேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. ரோட்டில் மேகம் மூடியது. இவர் வழக்கம்போல இருமினார். அந்தப் பிள்ளைகள் நின்றன. பூப் பார்க்கிறார்கள் போல என்று இவரும் நின்றார். அவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நேருக்கு நேர் பார்ப்பது மரியாதை இல்லை என்று இவர் முகத்தைத் தேயிலைப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர்கள் வேகமாக நடந்தார்கள். மழைக்குப் பயந்து நடக்கிறார்கள் என்று இவரும் எட்டி நடந்தார். இன்னொரு இருமல் போட்டார். அவர்கள் ஓட ஆரம்பித்தார்கள்.

காட்டுமாட்டைக் கண்டு ஓடினால் அது விரட்டும் என்பது மலையில் எல்லோருக்கும் தெரியும். பிள்ளைகள் மாட்டைப் பார்த்துவிட்டன என்றே இவர் நினைத்தார். "ஓடாதீக! நில்லுங்க!" என்று கத்திக்கொண்டு இவரும் பின்னால் ஓடினார்.

அந்தப் பெண்கள் மூச்சிரைக்க வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்டதும், கொஞ்ச நேரத்தில் பெட்டியோடு வெளியே வந்ததும் எனக்கு நினைவிருக்கிறது. "அவசர வேலை வந்துடுச்சு ஆன்ட்டி" என்றாள் ஒருத்தி. முகம் சரியில்லை. மலை ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்து, வழியில் சாப்பிட வாழைக்காய் பஜ்ஜியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் வாங்கிக்கொண்டாள். நான்கூட அவர்களுக்கு ஓர் எதிரி ஊர் ஆளாகத் தெரிந்திருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

சில நாள் கழித்து ஆண்டிபட்டியில் இருக்கும் என் தங்கை போன் செய்தாள். "அக்கா, அங்கன மேகமலையில எவனோ ஒருத்தன் பொம்பளப் பிள்ளைகளைத் தொரத்துறானாம். வீடியோ வந்திருக்கு. சூதானமா இரு. மாமாவ விட்டுத் தனியா எங்கயும் போகாத."

அனுப்பிய வீடியோவைத் திறந்தேன். முதலில் எனக்கு அது அழகாகத்தான் தெரிந்தது. ரோடு முழுக்க வெள்ளை. சில்வர் ஓக் மரங்கள் பாதி உடம்போடு நிற்கின்றன. நாங்கள் தினமும் பார்க்கிற இடம்தான், ஆனால் எப்போதோ கனவில் போய்வந்த ஊர் போல இருந்தது. ஒரு பெண் குரல் கிசுகிசுத்தது: "பின்னாடியே வர்றான்." மேகத்துக்குள் ஒரு கறுத்த உருவம் நின்றது. அப்புறம் அந்த இருமல் கேட்டது. உருவம் ஓடி வந்தபோது சால்வையின் சிவப்புக் கரை தெரிந்தது. கம்பம் சந்தையில் நான் பேரம் பேசி வாங்கிய சால்வை.

அவரிடம் காட்டாமல் இருக்க முடியவில்லை. குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். திரும்பவும் ஒரு தடவை போடச் சொன்னார். கோபப்படுவார் என்று காத்திருந்தேன். "அம்புட்டு பயந்துச்சுகளா அந்தப் பிள்ளைக?" என்று மட்டும் கேட்டார்.

வீடியோவுக்குக் கீழே உலகத்தில் இருக்கிற வசவெல்லாம் இருந்தது. இந்த மலைப்பக்கமே யாரும் போகாதீர்கள் என்று எழுதியிருந்தார்கள். அறை கேட்டிருந்த சிலர் வரவில்லை என்று சொன்னார்கள். அது போகட்டும். எனக்குத் தாங்கமுடியாமல் போனது வேறு. வீட்டில் இருமல் சத்தம் நின்றுபோனது. நிஜமாகவே தொண்டை கரகரத்தால்கூட வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். கொழுந்து பறிக்கிற பெண்களைச் சின்னமனூருக்கு ஏற்றிப்போவதை நிறுத்திவிட்டார். அவர்களோ, "அண்ணனை எங்களுக்குத் தெரியாதா?" என்று வாசலில் வந்து சொல்லிப் பார்த்தார்கள். எதிரே பெண்கள் வந்தால் இவர் தேயிலைச் செடிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்.

"இப்பப் பாத்தாத்தேன் கள்ளன் மாதிரி இருக்கு" என்று சத்தம் போட்டேன். அவர் பின்கட்டுக்குப் போய்விட்டார். மலையில் தலை நிமிர்ந்து நடந்த மனிதர். அவர் மறுபடி அப்படி நடக்காவிட்டால் இந்த வீடும் வேண்டாம், இந்த மேகமும் வேண்டாம், கீழே இறங்கிவிடுவோம் என்றே நினைத்தேன்.

அந்தப் பெண்ணின் நம்பர் என்னிடம் இருந்தது. கூப்பிட்டு, வாயில் வந்ததைச் சொல்லக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டு, இன்னார்தான் அவர், இதற்காகத்தான் வந்தார் என்று விளக்கினேன்.  அவள் அழுகிற குரலில் மன்னிப்புக் கேட்டாள். "இப்பவே எடுத்துடறேன் ஆன்ட்டி. தெரிஞ்சிருந்தா போட்டிருக்கவே மாட்டேன். ஆனா நாங்க அன்னிக்கு பயந்தது நிஜம்."

எடுத்தும்விட்டாள். அதற்குள் அது ஊர் ஊராகப் போய்விட்டது என்பது வேறு விஷயம். எனக்கு அவள் மன்னிப்பைவிட அந்த 'ஆனா'தான் மனசில் முள்ளாகத் தைத்தது. ஒரு நல்ல மனுஷனைப் பார்த்துப் பயப்பட என்ன இருக்கிறது, இவர்களெல்லாம் எந்த ஊரில் வளர்கிறார்கள் என்று பாத்திரம் துலக்கும்போதெல்லாம் அவளோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

மழைக்காலம் முடிந்து திருப்பூரிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் வேலைக்குப் போகிறவள். அணைக்கட்டு ரோடு பார்க்க வேண்டும் என்றார்கள். இவரை அனுப்புகிற பேச்சே இல்லை, நானே கூட வருகிறேன் என்று செருப்பை மாட்டினேன். அவர் பின்கட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

பாதி வழியில் மேகம் இறங்கியது. பேசிக்கொண்டே போனோம். எதிரே எதுவும் தெரியாதபோது பேச்சு தானாகக் குறைந்துவிடும். சும்மா நடந்தோம். அப்போது பின்னால் சரளைக் கல் நொறுங்கும் சத்தம் கேட்டது. ஆள் நடக்கிற சத்தம். நான் நின்றேன். அதுவும் நின்றது. நடந்தேன். அதுவும் நடந்தது. இத்தனை வருஷம் நான் குடியிருக்கிற மலை, கண்ணைக் கட்டிவிட்டாலும் வீடு போய்ச் சேருகிற ரோடு. ஆனாலும் என் பிடரி மயிர் சிலிர்த்தது.  கூட வந்த இளம்பெண் என் கையை இறுக்கிப் பிடித்தாள். ஓடலாமா என்று நானும் ஒரு நொடி நினைத்தேன்.

"யாரது?" என்றேன். குரல் எனக்கே அந்நியமாக வந்தது.

பதில் இல்லை. பிறகு, துண்டால் பொத்தியும் அடங்காமல் ஒரு சின்ன இருமல்.

என் உடம்பில் உயிர் வந்தது. பக்கத்தில் இருந்த பெண்ணோ அந்தச் சத்தத்துக்குத்தான் வெடவெடத்துப் போனாள். ஒரே இருமல். எனக்கு அது வீடு. இவளுக்கு அது என்ன என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. சென்னைப் பெண்ணோடு நான் மனசுக்குள் போட்ட சண்டை எல்லாம் அந்த ரோட்டிலேயே தீர்ந்தது.

"ஏங்க, பின்னால நிக்காதீக. முன்னால வாங்க" என்றேன்.

மேகத்தை விலக்கிக்கொண்டு வந்தார். தலை குனிந்திருந்தது. அந்தப் பெண் அவரைப் பார்த்தாள், சிவப்புக் கரை போட்ட சால்வையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "ஆன்ட்டி, இவரு... அந்த வீடியோல வந்தவருங்களா?" என்றாள்.

இல்லை என்று சொல்லிவிட என் வாய் திறந்தது. அதற்குள் அவர் நிமிர்ந்தார். தங்க வந்த பெண்ணிடம் அவர் நேராகப் பேசி நான் பார்த்ததே இல்லை.

"ஆமாத்தா, நாந்தேன். அன்னைக்கும் துணைக்குத்தேன் வந்தேன். சொல்லிட்டு வந்திருக்கணும். அது எனக்குத் தெரியல."

தாயும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.  அந்தப் பெண் என் கையை இன்னும் விடவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப நீங்க முன்னாடி போங்ணா. உங்களப் பாத்துட்டே வாரோம்" என்றாள்.

அவருக்கு முன்னால் நடந்து பழக்கமில்லை. புது மாப்பிள்ளை போலத் தயங்கித் தயங்கி, அடிக்கொரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார். வளைவில் மேகம் அடர்த்தியாகப் புரண்டு வந்தது. முதலில் அவர் கால் மறைந்தது, அப்புறம் சால்வை, அப்புறம் குல்லா. ரோடு வெறும் வெள்ளையாகக் கிடந்தது. நாங்கள் மூவரும் நின்றுவிட்டோம்.

அந்தப் பெண்தான் குரல் கொடுத்தாள். "அண்ணா, இருக்கீங்களா?"

மேகத்துக்குள்ளிருந்து இருமல் சத்தம் கேட்டது. துண்டு வைத்துப் பொத்தாத, பழைய இருமல். அவள் என் கையை விட்டுவிட்டு நடக்க ஆரம்பித்தாள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பின்னால் போனேன்.