மெரந்திக்கு முன் நின்றவள்

என் அப்பா எழுதிய ஒரே புத்தகத்தின் நடுப்பக்கத்தில் ஒரு படம் உண்டு. அந்தப் படத்தில் நான் இல்லை. இதை நான் எப்போதோ மறந்துவிட்டேன் என்று வீட்டில் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

புத்தகம் என்றதும் கதை, கவிதை என்று நினைத்துவிட வேண்டாம். மலேசியாவில், சிகாமட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வனப் பூங்காவுக்கு வருகிறவர்கள் கையில் பிடித்துக்கொண்டு நடப்பதற்கான வழிகாட்டி நூல் அது. மலாயில், நாற்பது பக்கம், பச்சை அட்டை. அப்பா வன இலாகாவில் வேலை பார்த்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தாத்தா ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. பெரியப்பாவுக்குத் தபால் இலாகா. எங்கள் குடும்பத்தில் அரசாங்க வேலை என்பது மூக்கு, காது மாதிரி பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டு வருவது. ஆனால் புத்தகம் எழுதியவர் அப்பா ஒருவர்தான். அதில் எனக்கு அப்பாவைவிடக் கர்வம் அதிகம்.

இரண்டு வருடம் அவர் அதை எழுதினார். சனிக்கிழமைகளில் என்னையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குப் போவார். எந்த மரத்துக்கு எந்த எண், எந்த இடத்தில் பாதை திரும்புகிறது என்று அவர் குறிப்பெடுக்க, அளவு நாடாவின் ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு நிற்பேன். மரத்தைக் கண்ட இடத்தில் அளக்கக்கூடாது, வளர்ந்த ஆளின் மார்பு உயரத்தில் வெள்ளை வளையம் பூசி அங்கேதான் அளக்க வேண்டும் என்பதெல்லாம் பத்து வயதில் எனக்கு அத்துப்படி. கடலடித் தந்திக் கம்பிக்கு உறை போட வேண்டுமென்று பாலுக்காக ஞாத்தோ மரங்களை வெட்டித் தீர்த்த கதை, ரயில் பாதைக்குச் சிலிப்பர் கட்டைக்காகச் செங்கால் மரங்கள் போன கதை, எல்லாம் போன பிறகு மிச்சத்தைக் காப்பாற்ற வேண்டுமென்று வெள்ளைக்காரனுக்கு ஞானம் வந்த கதை என்று இரவுச் சாப்பாட்டின்போது ஒவ்வொரு பக்கமாக வாசித்துக் காட்டுவார். அம்மா கொட்டாவி விடுவார். நான் விட்டதில்லை.

அப்பாவிடம் அந்தக் காலத்துப் படங்கள் சில இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு பிரம்மாண்டமான மரம், அதன் அடியில் முதுகை மரத்தில் ஒட்டியபடி கோவணம் கட்டிய ஒரு ஆள். படத்தின் பின்பக்கத்தில் மரத்தின் பெயரும் படமெடுத்த துரையின் பெயரும் மையில் எழுதியிருக்கும். நின்றவனுக்குப் பெயர் இல்லை. அவன் எதற்கு என்று நான் கேட்டேன். பக்கத்தில் ஒரு ஆள் நிற்காவிட்டால் மரம் எவ்வளவு பெரியது என்று பார்க்கிறவனுக்குத் தெரியாது, வன இலாகாவில் காலங்காலமாக அப்படித்தான் படம் எடுப்பது என்றார் அப்பா. அவருடைய புத்தகத்தின் நடுப்பக்கத்துக்கும் அப்படி ஒரு படம் வேண்டுமாம். பாதையின் கடைசியில் நிற்கும் கிழட்டு மெரந்தி மரத்துக்கு முன்னால் என்னை நிறுத்தலாம் என்று அவரே சொன்னார். நான் கேட்கவில்லை. அவராகத்தான் சொன்னார்.

அந்த வருடக் கடைசி விடுமுறையில்தான் என் மச்சாள் வந்து சேர்ந்தாள். அப்பாவின் தங்கையை நாங்கள் மாமி என்போம். அத்தை என்ற சொல் எங்கள் வீட்டில் புழங்கியதில்லை. மாமியின் மகள் எனக்கு மச்சாள். மாசாயில் வீடு. அவளுடைய அப்பா பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவும் பகலும் மாறி மாறி வேலை செய்கிறவர். மாமிக்கு வயிற்றில் ஏதோ கட்டியாம், ஜொகூர் பாரு பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாராம், சரியாகிறவரை பிள்ளை நம் வீட்டில் இருக்கட்டும் என்றார் அம்மா. என் வயதுதான் அவளுக்கும். என்னைவிட அரைத் தலை குள்ளம்.

ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியதாம் என்பார்களே, அதை நான் கண்ணால் பார்த்தேன். முதலில் ஜன்னலோரக் கட்டில் போனது. பிறகு ஜீப்பின் முன்சீட்டு. காட்டில் நான் தடுக்கி விழுந்தால் எழுந்து வா என்று திரும்பிப் பார்க்காமல் நடக்கிற அப்பா, அவள் காலில் அட்டை ஏறியதும் குந்தி உட்கார்ந்து உப்பு வைத்து எடுத்துவிட்டார். முதல் நாளே ஒவ்வொரு மரத்தடியிலும் அவளை நிறுத்தி விளக்கம் சொன்னார். பேச்சுவாக்கில் அளவு நாடாவின் முனையை அவள் கையில் கொடுத்தார். அதற்குப் பிறகு அது என் கைக்கு வரவே இல்லை. எனக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லவில்லை, சோறு இறங்காத அளவுக்கு எரிந்தது.

வாரக் கடைசியில் அப்பா அவளை மட்டும் ஜொகூர் பாருவுக்கு அழைத்துப் போவார். திரும்பி வரும்போது கையில் கரிபாப் பலகாரப் பொட்டலம் இருக்கும். ஆஸ்பத்திரி என்று சொல்லிவிட்டு இருவரும் கடைகடையாகச் சுற்றிவிட்டு வருகிறார்கள் என்று நான் தீர்மானித்துக்கொண்டேன். அந்தக் கரிபாப்பை நான் தொடமாட்டேன். அவளும் தின்னமாட்டாள், அதுவும் என்னைக் கோபப்படுத்தத்தான் என்று நினைத்தேன்.

எனக்கென்று மிச்சம் இருந்தது நடுப்பக்கம் ஒன்றுதான். அவளை உட்கார வைத்து அந்தப் பழைய படங்களைக் காட்டினேன். மரத்தடியில் நிற்கிறவன் எவ்வளவு சின்னதாகத் தெரிகிறான் பார், கட்டெறும்பு மாதிரி, அப்போதுதான் மரம் பெரிதாகத் தெரியும், அந்த இடத்தில் நான்தான் நிற்கப்போகிறேன் என்றெல்லாம் அளந்தேன். அவள் படங்களையே பார்த்தபடி கேட்டுக்கொண்டாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்த அன்று, சாப்பாட்டு மேசையில் அப்பா குழம்பை ஊற்றிக்கொண்டே, படத்துக்கு மச்சாள் நிற்கட்டும் என்றார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சோற்றுப் பானையைப் பார்த்தார். என்னைத்தானே நிறுத்துவதாகச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“உன்னை அடுத்த பதிப்புல நிக்க வெக்கலாம்,” என்றார் அப்பா. இன்றுவரை அந்தப் புத்தகத்துக்கு அடுத்த பதிப்பு வரவில்லை.

மழைக்காலம். இரண்டு முறை தள்ளிப்போய், மூன்றாவது முறை வெயில் அடித்த ஒரு காலையில் கிளம்பினோம். இலாகாவின் படக்காரருக்கு வேறு வேலை வந்துவிட்டதால், டவுனில் கல்யாணப் படம் எடுக்கும் சீனர் ஒருவரை அப்பா ஏற்பாடு செய்திருந்தார். அப்பாவும் அவரும் முன்னால் நடந்தார்கள். நானும் மச்சாளும் பின்னால். அவள் மஞ்சள் சட்டை போட்டிருந்தாள். அது என் சட்டை.

ரெங்காஸ் என்று ஒரு மரம் உண்டு. அதன் பால் தோலில் பட்டால் கொப்புளித்துவிடும். காட்டு வேலைக்காரர்கள் அதன் கிட்டேகூடப் போகமாட்டார்கள். நான் அவள் காதருகில் குனிந்தேன்.

“நீ நிக்கப்போறியே, அது மெரந்தி இல்ல, ரெங்காஸ். கிட்டப் போனா மூஞ்சி வீங்கிடும். அப்பாகிட்ட கேக்காத, ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொல்லுவாரு.”

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தலையாட்டினாள். பயந்து அழுவாள், நிற்கமாட்டேன் என்பாள், அந்த இடம் எனக்கு வரும் என்று நான் கணக்குப் போட்டிருந்தேன்.

அவள் அழவில்லை. மரத்தை மறைத்த பிரம்புக் கொடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு அப்பா ஆளுயரப் பலகை வேருக்குப் பின்னால் போய் மறைந்ததும், அவள் மரத்தை விட்டு முன்னால் நடந்து வந்தாள். ஏழெட்டு அடி. கேமராவுக்குக் கிட்டத்தில் வந்து, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். சீனருக்கு ஒரே சந்தோஷம். கல்யாணப் பெண்ணின் முகத்தைத் தேடித்தேடி எடுத்துப் பழகியவர் அவர். மரம் அவருக்கு வெறும் திரைச்சீலை. மலாயில் சாந்தேக், சாந்தேக், அழகு அழகு என்று சொல்லிக்கொண்டே எடுத்துத் தள்ளினார். அவருக்குக் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவள் நான். இப்படி நின்றால் மெரந்தி சின்னதாகப் போய்விடும், அப்பாவின் படம் பாழ் என்று அங்கே தெரிந்த ஒரே ஆளும் நான்தான். நான் வாயைத் திறக்கவில்லை.

அச்சுக்கு நேரமாகிவிட்டதால் படம் அப்பாவிடம் வராமல் நேராக அச்சகத்துக்குப் போனது. பள்ளி திறக்கச் சில நாட்கள் இருக்கும்போது அச்சகத்திலிருந்து பெட்டி வந்தது. அப்பா நின்றபடியே நடுப்பக்கத்தைப் புரட்டினார். பக்கத்தில் பாதி மச்சாளின் முகம். அவளுக்குப் பின்னால் ஏதோ ஒரு மரம். ஐந்து பேர் கைகோத்தாலும் வளைக்க முடியாத மெரந்தி, எஸ்டேட் ரப்பர் மரம் மாதிரி நின்றது. பிறகு அலுவலகத்தில் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? நான் பெட்டியின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அப்பா யாரையும் எதுவும் கேட்கவில்லை. பெட்டியிலிருந்து முதல் பிரதியை எடுத்துக்கொண்டு, மச்சாளையும் கூட்டிக்கொண்டு, சாப்பிடாமல்கூட ஜொகூர் பாருவுக்குக் கிளம்பிவிட்டார். முதல் பிரதியும் அவர்கள் வீட்டுக்குத்தானா என்று, அத்தனை குற்ற உணர்ச்சிக்கு நடுவிலும், எனக்கு மறுபடி எரிந்தது.

பள்ளி திறந்த இரண்டாவது வாரம் மாமி இறந்துபோனார். மச்சாள் பதினேழு வயதில் ஐந்தாம் படிவம் முடிக்கும்வரை எங்கள் வீட்டில்தான் வளர்ந்தாள். அரைத் தலை குள்ளமாக வந்தவள் என்னைவிட உயரமாகப் போனாள். மலாய்க் கட்டுரையில் என்னை முந்தினாள். அப்பாவுக்கு முதுகு பிடித்தால் தைலம் தேய்க்க அவளைத்தான் கூப்பிடுவார். எனக்குப் பொறாமைப்பட விஷயத்துக்குப் பஞ்சமே வரவில்லை. ஆனால் சண்டை போட வாயெடுக்கும்போதெல்லாம் அந்த மெரந்தி குறுக்கே வந்து நிற்கும். அப்பாவின் புத்தகத்தைக் கெடுத்தவள் நான் என்று இருபது வருடங்களுக்கும் மேலாக ஒருவரிடமும் சொல்லாமல் வைத்திருந்தேன்.

போன வருடம், அப்பா காலமான சில மாதங்களுக்குப் பிறகு, அதே பூங்காவுக்குப் புதிதாக ஒரு வழிகாட்டி நூல் வந்தது. வேறு யாரோ எழுதியது. வானத்திலிருந்து எடுத்த படங்கள், ஒன்றிலும் ஆள் இல்லை. மச்சாளுடைய பிள்ளைகளுக்குக் காட்டைக் காட்டலாம் என்று மாசாயிலிருந்து கிளம்பினோம். அவள் இப்போது சிங்கப்பூரில் தாதி. தினமும் பாலத்தைக் கடந்து போய் வருகிறவள். வழியில் யோங் பெங்கில் மீன் உருண்டை போட்ட மீ நூடுல்ஸ் சாப்பிட நிறுத்தினோம். பிள்ளைகள் ஐஸ்கிரீம் பெட்டியிடம் ஓடிவிட்டார்கள். நான் சொல்லிவிட்டேன். ரெங்காஸ் என்றது பொய், உன்னைப் பார்த்து எனக்குப் பொறாமை, படம் கெட்டது என்னால்தான் என்று ஒரே மூச்சில் சொன்னேன்.

அவள் கரண்டியைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“ரெங்காஸ் எதுன்னு மாமா முதல் நாளே காட்டிட்டாரு லா. அது பொய்னு எனக்கு அப்பவே தெரியும்.”

பிறகு ஏன் முன்னால் வந்து நின்றாய் என்று கேட்டேன்.

“அம்மாவுக்கு அப்ப கண்ணு மங்கிட்டு வந்திச்சு. படத்துல நான் நிக்கணும்னு மாமாகிட்ட கேட்டதே அவங்கதான். மரத்துக்கிட்ட நின்னா கட்டெறும்பு மாதிரிதான் தெரிவேன்னு நீதானே சொன்னே. அவங்களுக்கு என் முகம் தெரியணும்ல.”

புத்தகத்தைக் கொண்டுபோன அன்று ஆஸ்பத்திரியிலேயே அப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டாளாம். அவர் அவள் தலையில் கைவைத்தாராம், அவ்வளவுதான். மாமி பிழைக்கமாட்டார் என்பது முதல் நாளிலிருந்தே அவளுக்குத் தெரியும். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தெரியும். வீட்டில் தெரியாத ஒரே ஆள் நான். எனக்குச் சொன்னால் நான் அழுவேன், நான் அழுதால் அவளும் உடைந்துவிடுவாள் என்று அம்மாதான் தடுத்தாராம்.

இருபது வருடமாக என்னுடையது என்று நினைத்துச் சுமந்த குற்றம்கூட அவளுடையதாகப் போய்விட்டது. ஒரு நொடி அதற்கும் எனக்குப் பொறாமை வந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அவளிடம் சொல்லாமல் விட்டது வேறொன்று. அந்த விடுமுறையில் தினமும் காலையில், பசியாறும்போது, அவள் காதுபட நான் அம்மாவிடம் கேட்பேன்: பள்ளி திறக்க இன்னும் எத்தனை நாள்? திறந்ததும் அவள் மாசாய்க்குப் போய்விடுவாள் என்பது என் கணக்கு. அவள் தட்டைப் பார்த்து ரொட்டியைப் பிய்த்துக்கொண்டிருப்பாள். நாட்கள் இப்படி நகராமல் கிடக்கின்றனவே என்று எனக்கு ஆத்திரமாக வரும். அவளுக்கு அதே நாட்கள் எவ்வளவு வேகமாகப் போய்க்கொண்டிருந்தன என்று அப்போது எனக்குத் தெரியாது.